எண்பத்து நான்காம் பக்கத்தின் ஓரம்

எச்சில் தொட்டு ரப்பர் போட்டவர்கள் நாம். இங்க்கில் எழுதியதைக்கூட அப்படி அழித்துவிடலாம் என்று நம்பி, நோட்டில் ஓட்டை போட்டு, டீச்சரிடம் காதைக் கொடுத்து நின்றவர்கள். அறுபதைத் தொட்ட எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், யாரும் நல்ல பிள்ளை வேஷம் போடாதீர்கள். அந்த எச்சில் ரப்பரை வைத்து நான் ஒரு காரியம் செய்தேன். போன மாதம்வரை, நாற்பத்தெட்டு வருஷமாக யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

போன மாதம் சிதம்பரத்தில் கிள்ளை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்தேன். வாசல் மேசை முழுக்கக் குவாண்டம் இயற்பியல். அது பிறந்த கதை, அதற்காக அடித்துக்கொண்ட விஞ்ஞானிகளின் கதை, அதை வைத்து உலகத்தை எப்படிப் பார்ப்பது என்ற தத்துவம், ஆங்கிலத்திலும் தமிழிலும். ஒரே நேரத்தில் உயிரோடும் செத்தும் இருக்கிறதாமே, அந்தப் பூனை அட்டையில் இல்லாத புத்தகம் ஒன்றிரண்டுதான் இருந்தது. ஒரு கல்லூரிப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு அதில் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் பென்சில். கடைக்காரர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்து போன ஆண்கள், பெண்கள் யாருமே ஒன்றும் சொல்லவில்லை. தமிழில் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

இனி அந்தக் கோடைக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கடலூரில், மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மைதானத்தை ஒட்டிய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை. அக்காவுக்குப் பதினேழு. பி.யு.சி. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல். பெண்ணை ஹாஸ்டலில் விட அம்மா ஒப்பவில்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். தன் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று அவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். ஆக, அக்காவின் படிப்பு மாமாவின் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எந்த நேரமும் அறுந்துவிடலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அக்னி நட்சத்திரம் வேறு. மத்தியானம் கடல்காற்று உள்ளே வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசமாட்டோம். பேசினால் சண்டை வந்துவிடும். அப்பா எப்போதுமே பேசமாட்டார், வெயில் மழை என்ற பேதமெல்லாம் அவருக்கு இல்லை. தண்ணீர் கேட்பார், பேப்பர் கேட்பார். அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார். அவர் சட்டைப் பையில் வேர்வை பட்டு எப்போதும் ஓர் ஊதாக் கறை இருக்கும். அம்மா அதில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போயிருந்தாள்.

அப்பாவும் ஒரு காலத்தில் சிதம்பரத்தில் இயற்பியல் படித்தவர்தான். பட்டம் வாங்காமல் திரும்பிவிட்டார். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை, மாமாவைத் தவிர. மாமா தீபாவளிக்குத் தீபாவளி எடுப்பார். அக்கா தனக்கு இயற்பியல்தான் வேண்டும் என்று சொன்ன அன்று அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உங்க மாமாவக் கேட்டுக்க" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அந்தப் பாடமே பிடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ரஷ்யப் புத்தகம் விற்கும் வண்டி ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தில் வந்து நிற்குமே, நினைவிருக்கிறதா? கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பிரித்தால் பசையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நம்மில் பாதிப் பேர் அந்த வாசனைக்காகவே உள்ளே ஏறி இறங்கியிருப்போம். அந்த வண்டியில் வாங்கிய ஒரு தமிழ்ப் புத்தகம் மஞ்சக்குப்பத்து நூலகத்தில் இருந்தது. குவாண்டம் இயற்பியலின் வரலாறு. பச்சை அட்டை. அதை எங்கள் வீட்டைத் தவிர வேறு யாரும் எடுத்ததாக உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டு சொல்லவில்லை.

அக்கா எனக்குத் தலை பின்னிக்கொண்டே அந்தக் கதையெல்லாம் சொல்வாள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஏன் முதலில் சிவந்து அப்புறம் வெளுக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு ஜெர்மன் பேராசிரியரில் அது ஆரம்பிக்கும். சக்தி துண்டு துண்டாகத்தான் வருகிறது என்று கணக்கு வந்துவிட்டது, ஆனால் அவருக்கே அது பிடிக்கவில்லையாம், வேறு வழி இருக்கிறதா என்று வருஷக்கணக்கில் தேடினாராம். அப்புறம் ஓர் இளைஞன், மகரந்தம் பட்டால் மூஞ்சி வீங்கிப்போகிறது என்று பூவே இல்லாத ஒரு தீவுக்கு ஓடிப்போய், அங்கே உட்கார்ந்து புதுக் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான். பிறகு இரண்டு பெரியவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மோதிக்கொண்டார்கள். ஒருவர் காலையில் ஒரு மடக்குக் கேள்வி கேட்பார், மற்றவர் அடுத்த நாள் காலைக்குள் பதிலோடு வந்து நிற்பார். சண்டை சூடு பிடிக்கும் இடங்களில் அக்கா என் சடையை இழுத்து இறுக்குவாள். பல நாள் என் புருவமே மேலே ஏறிக் கிடந்தது.

நூலக டிக்கெட் அப்பா பேரில் இருந்தது. மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள் என்பதால் அக்காவை அந்தப் பக்கம் அனுப்பமாட்டார்கள். புத்தகம் எடுப்பதும் போடுவதும் என் வேலை. பதினாலு நாள் கெடு. நூலகர் ஒரு சட்டம் வைத்திருந்தார். போட்ட புத்தகத்தை அன்றைக்கே மறுபடி தரமாட்டார். "ஒரு நாளு அலமாரில இருக்கட்டும்மா, யாராச்சும் கேட்டு வருவாங்க" என்பார். யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் இன்று போட்டுவிட்டு நாளை சாயங்காலம் போய் அதே புத்தகத்தை எடுத்து வருவேன்.

அக்கா ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதுவாள். நூலகப் புத்தகத்தில் எழுதுவது தப்பு என்று தெரியும், ஆனால் அவளுக்குக் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. மெல்லிசாக, எறும்பு எழுத்தில் எழுதுவாள். எண்பத்து நான்காம் பக்கத்தில் ஒரு படம். சுவரில் இரண்டு துவாரம், இந்தப் பக்கத்திலிருந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். அந்தப் பக்கத் திரையில் அவை வரி வரியாக விழுகின்றன, ஒரு துவாரத்தை அடைத்தால் அந்த வரிகள் போய்விடுகின்றன. அதன் ஓரத்தில் அக்கா எழுதியிருந்தாள்: "ஒரே ஒரு எலக்ட்ரானை அனுப்பினாலும் இரண்டு துவாரங்கள் இருப்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. எப்படி?"

புத்தகம் அலமாரியில் ஒரு நாள் இருந்துவிட்டு வந்தபோது அந்தக் கேள்விக்குக் கீழே வேறொரு கையெழுத்து இருந்தது. "அலையாகப் போனால் இரண்டிலும் போகலாமே."

அக்கா என் தலையைப் பாதியில் விட்டுவிட்டாள். ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் விரிந்த முடியோடு நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் எழுதினாள்: "அலை என்றால் எதிரே உள்ள திரையில் ஏன் ஒரே புள்ளியில் போய் விழுகிறது?" பதினாலு நாள் பொறுத்தோம். பதில் வந்தது. "சரி. நான் சொன்னது தவறு."

இன்னொரு பக்கத்தில் அந்த ஆள், எலக்ட்ரான் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் ஒன்றாக அறிய முடியாதது நம் கருவி போதாததால்தானே என்று கேட்டிருந்தார். அக்கா கீழே, "இல்லை. கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் முடியாது. 84-ஆம் பக்கத்தை மறுபடி படிக்கவும்" என்று எழுதினாள். அடுத்த முறை, "படித்தேன். நீ சொல்வதே சரி" என்று வந்தது. இப்படியே பங்குனி, சித்திரை, வைகாசி போயிற்று. "யாருகிட்டயும் வாயத் தொறக்காத" என்று அக்கா சொன்னதால் நான் திறக்கவில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு வாலிபனை நானே கற்பனை செய்து வைத்திருந்தேன். அவனுக்கு மீசைகூடக் கொடுத்திருந்தேன்.

மூன்றாவது பதில் வந்த அன்று அக்கா சிரித்தாள். அப்புறம் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனவள், எடுக்காமல் வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் என்ன செய்கிறாள் என்று அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

ரிசல்ட் வந்தது. அக்கா முதல் வகுப்பு. மறுநாள் மாமா எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றோடு வந்தார். பாத்திரக்கடைக்காரர் இல்லையா, மூடியில் அக்கா பேரை வெட்டியே கொண்டுவந்திருந்தார். சின்னச் சின்னப் புள்ளியாகக் குத்தி வெட்டிய அந்த எழுத்துகளை அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். யுனிவர்சிட்டிக்குச் சாப்பாடு எடுத்துப்போக. எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டதற்கு, "நீயும் பாஸ் பண்ணு, பாப்போம்" என்றார்.

காப்பி வரும்வரை சும்மா இருக்க முடியாமல் ஜன்னலில் இருந்த பச்சை அட்டையை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். நான் தண்ணீர் மொள்வது மாதிரி குடத்தருகில் நின்றேன்.

"ஆம்பள கையெழுத்து" என்று மாமா சொல்வது கேட்டது. "ஒவ்வொரு பக்கத்துலயும் இவ எழுதுறா, அவன் பதில் எழுதுறான். என்னா எழுதியிருக்குன்னே புரியல. பிறத்தியாருக்குப் புரியக் கூடாதுன்னுதான இப்பிடி எழுதுறது."

"அண்ணே, பாடமா இருக்கும்ணே" என்றாள் அம்மா.

"பாடத்துக்கு எவனாச்சும் ஒளிஞ்சி ஒளிஞ்சி எழுதுவானா? நாளைக்குச் சாயங்காலம் வர்றேன். மாப்ளயும் இருக்கட்டும். அதுவரைக்கும் புஸ்தகம் வீட்ட விட்டுப் போவக் கூடாது."

மாமா காப்பியைக் குடிக்காமல் போனார். அம்மா அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அம்மாவும் அக்காவும் ரேஷன் கடைக்குப் போனார்கள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எழுத்து இருந்தால்தானே மாமா காட்ட முடியும்? எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் வெறும் புத்தகம்தானே? பன்னிரண்டு வயசுக்கு இது பெரிய ராஜதந்திரம். ரப்பரை நாக்கில் தொட்டேன்.

அக்காவின் எழுத்து ஒரே இழுப்பில் போயிற்று. அவள் அழுத்தி எழுதுபவள் இல்லை. அடுத்து அந்த ஆளின் எழுத்தில் ரப்பரை வைத்தேன். சாம்பல் நிறத்தில் இருந்த எழுத்து, எச்சில் பட்ட இடத்தில் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. இன்னும் தேய்த்தேன். இன்னும் மாறியது. தாள் முழுக்க ஊதா பரவியது, நடுவில் எழுத்து மட்டும் இன்னும் அழுத்தமாக நின்றது. என் கட்டைவிரல், ரப்பர், பாவாடை நுனி எல்லாம் ஊதா. பக்கம் பக்கமாக அதைத்தான் செய்துவைத்தேன். எதிலாவது அழியாதா என்ற ஆசைதான். கடைசியில் பார்த்தால் அக்காவின் கேள்விகள் ஒன்றுகூட இல்லை. பதில்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

காப்பியிங் பென்சில். உங்களுக்கு நினைவிருக்கும். அலுவலகங்களில் கார்பன் தாள் வைத்து எழுதக் கொடுப்பார்கள். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரிதான் எழுதும், ஈரம் பட்டால் ஊதா, பிறகு பிறவிக்கும் போகாது. கையைக் கழுவக் கழுவ ஊதா கூடிக்கொண்டே போனது. தொட்டியடியில் நின்றுகொண்டு கொடியைப் பார்த்தேன். அப்பாவின் வெள்ளைச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, பையில் எலுமிச்சம்பழத்துக்கும் அசையாத அதே ஊதா.

என் மீசைக்கார வாலிபன் அந்த நிமிஷத்தில் செத்துப்போனான்.

சாயங்காலம் மாமா சொன்னபடி வந்தார். அப்பா அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்திருந்தார், சட்டையைக் கழற்றவில்லை, தோளில் துண்டு. அம்மா சமையலறை வாசற்படியில் நின்றாள். அக்கா சுவரோரம். நான் பாவாடை மடிப்புக்குள் கட்டைவிரலை ஒளித்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

மாமா புத்தகத்தைப் பிரித்தார். ஒரு நிமிஷம் அவரே திகைத்துவிட்டார். பிறகு அம்மாவைப் பார்த்துக் குரலை ஏற்றினார்.

"பாத்தியா, நேத்து ரெண்டு பேரு எழுத்தும் இருந்துச்சி. ராத்திரிக்குள்ள இவ எழுதுனத மட்டும் அழிச்சிட்டா. தப்பு இல்லன்னா எதுக்கு அழிக்கணும்?"

"நான் அழிக்கல மாமா" என்றாள் அக்கா. அவள் கண் என் பாவாடைப் பக்கம் ஒரு முறை வந்து போனது.

"'நீ சொல்வதே சரி.' 'நான் சொன்னது தவறு.' யாரு இவன்? பேரு என்னா?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை. ஓரத்தில் கேள்வி எழுதிவிட்டுப் பதினாலு நாள் காத்திருப்பாளே, அதே முகம். அம்மாவும் அப்பாவைத்தான் பார்த்தாள். தினம் தினம் அந்தக் கறையைத் தேய்ப்பவளுக்கு ஊதா எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். நானும் பார்த்தேன். அந்தக் கூடத்தில் விஷயம் தெரியாத ஒரே ஆள், சத்தம் போட்டுக்கொண்டிருந்த மாமாதான்.

அப்பா வாயைத் திறந்தார். உள்ளபடியே திறந்தார், நான் பார்த்தேன்.

அதற்குள் மாமா அவர் பக்கம் திரும்பிவிட்டார். "இந்த பிசிக்ஸே வேணாம் மாப்ள. நீங்களும்தான் ரெண்டு வருசம் சிதம்பரத்துல ரூம் எடுத்துப் படிச்சீங்க. என்னா கண்டீங்க? டிகிரி வந்துச்சா? பொம்பளப் புள்ளைக்கு அந்தக் கெதி வேணுமா?"

அப்பா வாயை மூடிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நெஞ்சின் மேல் குறுக்காகப் போட்டுக்கொண்டார். சட்டைப் பை துண்டுக்குள் போய்விட்டது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "யாருன்னு தெரியாது மாமா" என்றாள்.

"தெரியாதவன்கிட்ட இப்பிடி எழுதுற புள்ளைய என் வூட்ல வெச்சிப் பாத்துக்க என்னால ஆவாது" என்றார் மாமா. அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தை அறுந்துவிட்டது. "டீச்சர் ட்ரெயினிங் போவட்டும்ணே, இங்கியே இருக்குதில்ல" என்று அம்மா சொன்னாள். புருஷன் மானத்தையும் மகள் படிப்பையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அவள் ஒன்றைக் கீழே போட்டாள். வெகுகாலம் அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்று அவளுடைய அன்றைய வயதைத் தாண்டி இருபது வருஷம் ஆகிவிட்டது, கோபப்பட முடியவில்லை.

அப்பாமேல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது? ஒரு கிளார்க், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் போய், தான் தோற்ற பாடத்தைப் பெண்ணிடமிருந்து மறுபடி கற்றுக்கொண்டார். அதைச் சொன்னால் மச்சான் சிரிப்பார். அதிகம் போனால் ஒரு தீபாவளி கூடுதலாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து மகளின் முழுப் படிப்பையும் விட்டுக்கொடுத்தார். என்னை மட்டும் என்ன சொல்ல? ஊதா விரலை வெளியே நீட்டியிருந்தாலே போதும். அப்பாவின் துண்டை இழுத்துவிட்டு, சட்டைப் பையையும் என் விரலையும் சேர்த்துக் காட்டியிருந்தால் மாமா வாயடைத்துப்போயிருப்பார். நான் அரிசி மூட்டையைவிட்டு அசையவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "போட்டுட்டு வந்துடு. மறுபடி எடுக்க வேணாம்."

மைதானத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து பிரித்தேன். கடைசியில் இருந்த வெற்றுப் பக்கத்தில், காய்ந்த சாம்பல் நிறத்தில் நான்கு வரி இருந்தது. "உன் பக்கம்தான் சரி. நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. தவறு என்னுடையது." என் கையில் ஈரம் இருந்தது, வேர்வை. எழுத்தில் படாமல் புத்தகத்தை மூடினேன். நூலகர் உள்ளே பார்க்காமலே வாங்கி வைத்தார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ரப்பர் கதை வரும். ரப்பர் கதை வந்தால் எல்லாம் என் தலையில் விடியும். இதுதான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தது. ஒரு தகப்பன் தன் மகளிடம் கேட்ட மன்னிப்பை நான் நடுவழியில் தின்றுவிட்டேன்.

அக்கா ட்ரெயினிங் முடித்தாள், கிள்ளைப் பக்கம் வேலை கிடைத்தது, கல்யாணமும் அங்கேயே. சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றாள். எனக்கு முறை வந்தபோது மாமா மறுபடி ஏதோ ஆரம்பித்தார். அப்பா அவரை முடிக்கவிடவில்லை. "சிதம்பரம்தான். பிசிக்ஸ்தான். ஹாஸ்டல்ல சேக்குறேன். நீங்க இதுல பேச வேணாம் மச்சான்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. குற்ற உணர்ச்சியில் பேசுகிறார் என்று நினைத்தேன். அக்கா பேர் வெட்டிய டிபன் பாக்ஸைத்தான் மூன்று வருஷமும் எடுத்துப்போனேன். பேரைப் பார்த்து என்னை அவள் பேரால் கூப்பிட்டவர்களும் உண்டு. கடைசி வருஷம் ரயிலில் அதைத் தொலைத்தேன்.

முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் இரண்டு துவாரங்களின் படத்தைப் போர்டில் வரையும்போதெல்லாம், இதைக் கேட்க வேண்டியவள் கிள்ளையில் அ போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். சாக்பீஸ் உடையும்.

போன மாதத்துக்கு வருகிறேன். அக்கா கொல்லைப்புறத்தில் முக்காலியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் மாமாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. இனி யாருக்குப் பயம்? புதுப் புத்தகத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பரை, தொட்டியடியை, கடைசிப் பக்கத்து நாலு வரியை. அவள் கை நிற்கவே இல்லை.

"ரப்பர் கதைய எனக்கே சொல்றியாடி? பத்து நாளு ஒன் கட்டவெரலு ஊதாவா இருந்துச்சி."

"அப்பா கடைசிப் பக்கத்துல எழுதுனது தெரியுமாக்கா?"

"படிச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் ஓட்டை ஒதுக்கிவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள்.

"ட்ரெயினிங் பாரம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு லைப்ரரிக்குப் போனேன். மைதானத்துக் குறுக்காலயே நடந்து போனேன். ஒருத்தனும் என்னப் பாக்கல, அவனவன் பந்து பொறுக்கிட்டிருந்தான். அவரு எழுதாம இருக்க மாட்டாருன்னு தெரியும். பாத்தேன். கீழ பதில் எழுதி வெச்சிட்டு வந்தேன்."

"என்னான்னு எழுதுன?"

"'சின்னவள் முறை வரும்போது பேசுங்கள்'ன்னு."

கொல்லையில் அடுத்த வீட்டுக் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதுக்கு அவரு பதில் எழுதுனாரா?" என்று கேட்டேன்.

"நான் மறுபடி போயிப் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? அஞ்சு வருசம் கழிச்சிப் பேசுனாருல்ல."

"நீ ஏங்க்கா அன்னிக்கு சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ போயிருப்ப."

"துண்ட எடுத்துப் போத்திக்கிட்டாருடி. அதப் பாத்தப்பறம் நான் எப்பிடி சொல்றது?"

நான் அழுதேன். அறுபது வயதில், கொல்லைப்புறத்தில், இறால் நாற்றத்துக்கு நடுவில் விசும்பி விசும்பி அழுதேன். என் படிப்பு, என் வேலை, என் பென்ஷன் எல்லாம் அக்கா எறும்பு எழுத்தில் எழுதிய அந்த ஒரு வரி. நாற்பத்தெட்டு வருஷமாக நான் அவளிடமிருந்து மறைத்துவைத்தது ஒன்றுமே இல்லை.

அக்கா கையைக் கழுவிப் புடவையில் நன்றாகத் துடைத்தாள், ஈரம் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். புதுப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, நடுவில் பிரித்தாள். நாலைந்து பக்கம் தள்ளினாள். பிறகு முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள்.

"என்னாடி புஸ்தகம் இது, ஓரத்துல எழுத எடமே விடல."